கம்பெனிப் பணம், நகராட்சி இடம்: உடல் பருமனைக் குறைக்க ஊரளவில் ஒரு கூட்டுத் திட்டம் போடுவது எப்படி?

முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம். தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி 2015-16இல் தமிழ்நாட்டுப் பெண்களில் 30.9 சதவீதம் பேர் அளவுக்கு மீறிய எடையுடன் இருந்தார்கள். 2019-21இல் அது 40.4 ஆகிவிட்டது. ஆண்களில் 28.2 சதவீதம் 37 ஆனது. அதே 2019-21இல் இந்திய சராசரி பெண்களுக்கு 24, ஆண்களுக்கு 22.9தான். ஆக, இந்த விஷயத்தில் நாம் நாட்டுக்கே ரொம்ப முன்னால் போய்க்கொண்டிருக்கிறோம்.

இதற்குத் தீர்வாக "நட, சோற்றைக் குறை" என்று ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டிருப்பதில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. மத்தியானம் கேன்டீனில் போடுவதைத்தான் சாப்பிட முடியும், சாயங்காலம் நடக்கலாம் என்றால் தெருவில் விளக்கு இல்லை, பிள்ளை பள்ளியை விட்டு வந்தால் வாசலிலேயே அஞ்சு ரூபாய் பாக்கெட் தொங்குகிறது என்றால் ஒரு மனிதர் எவ்வளவுதான் மனவுறுதி காட்டுவார்? கேன்டீன் கம்பெனியுடையது, தெரு நகராட்சியுடையது, வாசல் பள்ளியுடையது. மூன்று பேரும் சேர்ந்து உட்கார்ந்தால்தான் ஏதாவது நகரும். குடியிருப்போர் சங்கம், பள்ளி மேலாண்மைக் குழு, வார்டு உறுப்பினர், ஒரு கம்பெனியின் எச்.ஆர். அலுவலர், யாராக இருந்தாலும் நீங்கள் இதைத் தொடங்கலாம். ஒன்றை மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன்: பணம் யாருடையதாகவும் இருக்கலாம், நிபந்தனையைப் பொதுத் தரப்புதான் எழுத வேண்டும். கீழே வருகிற எல்லாப் படியும் இதைச் சுற்றித்தான்.

படி 1: அளந்துவிட்டு ஆரம்பியுங்கள்

பேனர், தொப்பி, டி-ஷர்ட் எல்லாம் அப்புறம். முதல் மாதம் முழுக்க அளப்பதற்கு மட்டும்.

ஆட்களை அளக்க ஒரு தையல் நாடா போதும். இடுப்புச் சுற்றளவு ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80 தாண்டினால் கவனிக்க வேண்டியவர்கள். உடல் எடைக் குறியீட்டில் (கிலோவில் எடையை, மீட்டரில் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வரும் எண்) நம்மவர்களுக்கு 23 தாண்டினாலே எடை கூடுதல், 25 என்றால் பருமன் என்றுதான் இங்கே மருத்துவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். இதற்காகத் தனியாக ஆள் பிடிக்க வேண்டாம். 2021 ஆகஸ்டிலிருந்து நடக்கும் 'மக்களைத் தேடி மருத்துவம்' ஊழியர்கள் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்க வீட்டுக்கே வருகிறார்கள், ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவ அலுவலரிடம் பேசினால் அதோடு சேர்த்துச் செய்யலாம். ஆனால் எந்தத் தொழிலாளிக்குச் சர்க்கரை, யாருக்குப் பிரஷர் என்ற பட்டியல் எந்தக் காரணத்துக்காகவும் எச்.ஆர். மேசைக்குப் போகக் கூடாது. கம்பெனிக்கு மொத்த எண்ணிக்கை மட்டும்தான், பெயர்கள் சுகாதார நிலையத்தோடு நிற்க வேண்டும். இதில் கோட்டை விட்டால் அடுத்த முகாமுக்கு ஒருவரும் வரமாட்டார்கள், வராததும் சரிதான். அதேபோல, பள்ளியில் பிள்ளைகளை வரிசையில் நிற்கவைத்து எடையைச் சத்தமாகப் படிக்கும் பழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது, அதை அடியோடு நிறுத்திவிடுங்கள்.

அடுத்து இடத்தை அளக்க வேண்டும். பள்ளி விடும் நேரத்தில் வாசலிலிருந்து 50 மீட்டருக்குள் என்னென்ன விற்கிறது, என்ன விலை என்று எழுதுங்கள். காலை ஐந்தரைக்கும் மாலை ஏழுக்கும் தெருவில் போய் எத்தனை விளக்கு எரிகிறது, நடைமேடை எங்கே முடிகிறது, நாய்கள் எங்கே கூட்டமாக இருக்கின்றன என்று பாருங்கள். "ஏன் நடக்கப் போவதில்லை?" என்று பெண்களிடம் கேட்டால் நேரமில்லை என்பதற்கு அடுத்த பதில் பெரும்பாலும் இருட்டும் நாயும்தான்.

படி 2: யாரைச் சேர்ப்பது, யாரைச் சேர்க்காமல் இருப்பது

சேர்க்க வேண்டியவர்கள்: நகராட்சி ஆணையர் அல்லது ஊராட்சித் தலைவர், வட்டார மருத்துவ அலுவலர், உணவுப் பாதுகாப்பு அலுவலர், தலைமையாசிரியர், கம்பெனியில் முடிவெடுக்கும் அதிகாரம் உள்ள ஒருவர், தொழிலாளர் பிரதிநிதி, கேன்டீன் ஒப்பந்தக்காரர். கடைசி ஆளை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். எண்ணெய் டின்னைத் திறப்பவர் அவர்தான்.

சேர்க்கக் கூடாதவர்கள் பற்றித்தான் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும். அமெரிக்காவில் 'குளோபல் எனர்ஜி பேலன்ஸ் நெட்வொர்க்' என்று விஞ்ஞானிகளின் அமைப்பு ஒன்று இருந்தது. எதைச் சாப்பிடுகிறோம், குடிக்கிறோம் என்பதிலேயே எல்லோரும் குறியாக இருக்கிறார்கள், உடற்பயிற்சியைத்தான் கவனிப்பதில்லை என்பது அதன் வாதம். அதற்குப் பின்னால் கோகோ கோலாவின் 15 லட்சம் டாலர் இருந்தது 2015இல் செய்தியாக வெளிவந்தது, அந்த ஆண்டு முடிவதற்குள் அமைப்பையே மூடிவிட்டார்கள். பான நிறுவனங்களும் பாக்கெட் தின்பண்ட நிறுவனங்களும் மாரத்தானுக்கும் விளையாட்டுப் போட்டிக்கும் ஏன் இவ்வளவு ஆசையாகப் பணம் தருகின்றன என்பது இதிலேயே புரிந்துவிடும். 330 மில்லி கோலா ஒன்றில் சுமார் 35 கிராம் சர்க்கரை, 140 கலோரி. அதை எரிக்க அரை மணி நேரத்துக்கு மேல் நடக்க வேண்டும். குடிப்பதற்கு இரண்டு நிமிடம்.

அப்படியானால் உணவுக் கம்பெனி எதுவுமே வேண்டாமா? ஃபிரான்ஸில் நடந்தது யோசிக்க வைக்கிறது. ஃப்ளர்பே, லாவான்ட்டி என்ற இரண்டு சிறு ஊர்களில் 1992இல் பள்ளிப் பிள்ளைகளுக்கு உணவுப் பாடம் என்று ஆரம்பித்து, படிப்படியாக ஊரே உள்ளே வந்தது. 2004இல் அங்கே எடை கூடிய பிள்ளைகள் 8.8 சதவீதம், ஒப்பிடுவதற்காக எடுத்துக்கொண்ட மற்ற ஊர்களில் 17.8 சதவீதம். அதைப் பார்த்துவிட்டு அதே ஆண்டு 'எப்போட்' என்ற பெயரில் 10 ஊர்களுக்குக் கொண்டுபோனார்கள். அதில் உணவு நிறுவனங்களின் பணமும் இருந்தது, அதற்கான விமர்சனமும் கூடவே வந்தது. ஆனாலும் திட்டம் மேயர் கையில் இருந்தது.

என் வழி இதைவிடக் கொஞ்சம் கறார். நீங்கள் எதைக் குறைக்கப் பார்க்கிறீர்களோ அதை விற்றுப் பிழைக்கும் நிறுவனத்தின் பணம் வேண்டாம். டயர் கம்பெனி, நூற்பாலை, வங்கி, மென்பொருள் நிறுவனம், மருத்துவமனை, தாராளமாக வரட்டும். பள்ளியைப் பொறுத்தவரை யோசிக்கவே தேவையில்லை. 2020இல் வந்த உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் பள்ளி விதிமுறைகள் கொழுப்பு, உப்பு, சர்க்கரை மிகுந்த பண்டங்களைப் பள்ளி வளாகத்திலும் வாசலிலிருந்து 50 மீட்டருக்குள்ளும் விற்கவோ, இலவசமாகக் கொடுக்கவோ, விளம்பரப்படுத்தவோ கூடாது என்கின்றன. நோட்டு அட்டையிலும் ஸ்கோர் போர்டிலும் பிராண்ட் பெயர் போடுவதும் அதில் அடக்கம்.

படி 3: பணம் எந்தக் கணக்கிலிருந்து வரும்?

நிறுவனச் சட்டம் 2013இன் 135ஆவது பிரிவு: நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி, இவற்றில் ஏதாவது ஒன்றைத் தொட்ட நிறுவனம் கடந்த மூன்று ஆண்டுகளின் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவழிக்க வேண்டும். நோய்த் தடுப்பு, ஊட்டச்சத்து, கிராமப்புற விளையாட்டு எல்லாம் அந்தச் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில் இருக்கின்றன, அதனால் உங்கள் திட்டம் உள்ளே வந்துவிடும்.

ஆனால் தன் ஊழியர்களுக்கு மட்டும் பலன் தரும் செலவும், பொருளை விளம்பரப்படுத்தும் ஸ்பான்சர்ஷிப்பும் இந்தக் கணக்கில் சேராது. எனவே திட்டத்தை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். கேன்டீன் மாற்றம் தொழிலாளர் நலச் செலவு. நடைபாதை, பள்ளி மைதானம், தெருக்கடைக்காரர் பயிற்சி சமூகப் பொறுப்பு நிதி. இரண்டையும் ஒரே தாளில் எழுதிக்கொண்டு போனால் ஆடிட்டர் திருப்பி அனுப்பிவிடுவார், ஆறு மாதம் போய்விடும்.

நகராட்சிப் பக்கம் 'நமக்கு நாமே' திட்டம் இருக்கிறது. பொதுவாக மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கை மக்களோ நிறுவனமோ போட்டால் மீதியை அரசு போடும். நடைபாதை, பூங்கா, விளையாட்டுத் திடல் வேலைகளுக்கு ஏற்ற வழி. நிறுவனங்கள் அடுத்த ஆண்டுச் செலவை ஜனவரி முதல் மார்ச்சுக்குள் யோசிப்பார்கள், நீங்கள் ஜூனில் போய் நின்றால் "அடுத்த வருஷம் பார்க்கலாம் சார்" என்பதுதான் பதில்.

படி 4: வாக்குறுதியைத் தாளில் எழுதுங்கள்

கூட்டு முயற்சிகள் பெரும்பாலும் செத்துப்போவது இந்த இடத்தில்தான். பிரிட்டன் 2011 மார்ச்சில் 'பொறுப்பு ஒப்பந்தம்' என்று ஒன்றைக் கொண்டுவந்தது. உணவு, மதுபான நிறுவனங்கள் தாங்களாகவே முன்வந்து உறுதிமொழி தரலாம், தண்டனை ஒன்றும் கிடையாது. பிறகு ஆய்வாளர்கள் எடுத்துப் பார்த்தால், உறுதிமொழிகளில் பெரும்பாலானவை அந்த நிறுவனங்கள் ஏற்கெனவே செய்துகொண்டிருந்தவை அல்லது எப்படியும் செய்திருக்கக் கூடியவை. 2015 வாக்கில் அது ஓய்ந்துபோனது. மறு ஆண்டே அந்நாட்டு அரசு குளிர்பானச் சர்க்கரைக்கு வரி என்று அறிவித்தது: 100 மில்லியில் 5 கிராமுக்கு மேல் ஒரு விகிதம், 8 கிராமுக்கு மேல் இன்னொன்று. 2018 ஏப்ரலில் வரி அமலுக்கு வருவதற்குள்ளேயே பாதிக்கும் மேற்பட்ட உற்பத்தியாளர்கள் சர்க்கரையைக் குறைத்துவிட்டார்கள்.

சிங்கப்பூர் இரண்டையும் சேர்த்துச் செய்தது. 2017இல் ஏழு பெரிய பான நிறுவனங்கள் 2020க்குள் எந்தப் பானத்திலும் சர்க்கரை 12 சதவீதத்தைத் தாண்டாது என்று ஒப்புக்கொண்டன. அதோடு விட்டுவிடாமல், 2022 டிசம்பர் 30 முதல் ஏ, பி, சி, டி என்று தரம் பிரித்து, சி, டி பானங்களில் முத்திரை கட்டாயம், டிக்கு விளம்பரமே கூடாது என்றார்கள். அங்கே பாக்கெட், பாட்டில் பானங்களில் சர்க்கரையின் இடைநிலை அளவு 2017இல் 7.1 சதவீதம், 2023இல் 4.6. ஆனால் 2019-20இல் 10.5 சதவீதமாக இருந்த பருமன் 2021-22இல் 11.6க்கு ஏறியதும் அதே நாட்டில்தான். ஆகவே "ஒரே வருடத்தில் ஊரின் பருமனைக் குறைப்போம்" என்று யாருக்கும் எழுதிக் கொடுக்காதீர்கள். உங்கள் கையில் இருப்பதை மட்டும் எழுதுங்கள்: எவ்வளவு எண்ணெய், எத்தனை விளக்கு, மைதானம் எத்தனை மணி நேரம் திறந்திருக்கும்.

உங்களிடம் வரி போடும் அதிகாரம் இல்லை. ஆனால் டெண்டர் இருக்கிறது, உரிமம் இருக்கிறது, பள்ளி விதி இருக்கிறது. ஒப்பந்தத்தில் இவை கட்டாயம் வரட்டும்:

- இன்று உள்ள அளவு, சேர வேண்டிய அளவு, தேதி. மூன்றும் எண்ணில்.
- இந்த ஒப்பந்தம் இல்லாவிட்டாலும் கம்பெனி செய்திருக்கக்கூடிய வேலை கணக்கில் வராது.
- அளப்பது கம்பெனி ஆள் இல்லை. அருகில் உள்ள கல்லூரியின் ஊட்டச்சத்துத் துறையிடமோ சுகாதார நிலையத்திடமோ கொடுங்கள்.
- முடிவு மூன்று மாதத்துக்கு ஒருமுறை நகராட்சி அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும், நன்றாக இல்லாவிட்டாலும்.
- லோகோவின் அளவு, இடம். பலகையில் பாதிக்கு மேல் கம்பெனி பெயராக இருந்தால் அது விளம்பரம்.

படி 5: கேன்டீனிலிருந்து தொடங்குங்கள்

பள்ளி, தெருக்கடை எல்லாவற்றையும்விட கேன்டீன் சுலபம். முதலாளி ஒருவர், சமையல்காரர் ஒருவர், சாப்பிடுபவர்கள் தினமும் அதே ஆட்கள். சட்டமும் துணைக்கு இருக்கிறது. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் 250 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் கேன்டீன் வேண்டும், அதன் நிர்வாகத்தில் தொழிலாளர் பிரதிநிதியும் வேண்டும் என்றது. புதிய தொழிலாளர் சட்டத்தொகுப்பு 250ஐ 100 ஆக்கியது. கேன்டீன் கமிட்டி பல இடங்களில் பெயரளவுக்குத்தான் இருக்கிறது. அதை எழுப்புங்கள்.

டீயைப் பாருங்கள். பெரிய கேன்டீன்களில் டீ டிரம்மிலேயே சர்க்கரை கலந்து வந்துவிடும். 'வித்தவுட்' வேண்டும் என்பவர் ஒன்று வெளியே போக வேண்டும், இல்லை குடிக்காமல் இருக்க வேண்டும். ஸ்டோர் ரெஜிஸ்டரை வாங்கிப் பாருங்கள். 300 பேர், ஆளுக்கு இரண்டு டீ, 25 வேலை நாள் என்றால் மாதம் 15,000 டீ. அதற்கு 50 கிலோ மூட்டை மூன்று போனால் ஒரு டீக்கு 10 கிராம், ஒரு நாளைக்கு 20. நாளொன்றுக்குச் சேர்க்கும் சர்க்கரையை 25 கிராமுக்குள் வைத்தால் இன்னும் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். வீட்டுக் காப்பி, மத்தியானப் பாயசம் எல்லாம் இதற்கு வெளியே. முதல் வேலையாக டிரம்மை இரண்டாக்குங்கள், ஒன்று சர்க்கரை இல்லாதது. சர்க்கரை டிரம்மில் மூன்று மாதத்துக்கு ஒரு கிராம் என்று சத்தமில்லாமல் குறைத்து வாருங்கள். ஒரே நாளில் பாதியாக்கினால் சங்கம் கொடி பிடிக்கும், மெதுவாகக் குறைத்தால் நாக்கு பழகிவிடும். அறிவிப்பே வேண்டாம், ரெஜிஸ்டர் மட்டும் போதும்.

எண்ணெய்க்கும் இதே கணக்குதான். மாதம் வாங்கிய லிட்டரைப் போட்ட சாப்பாட்டின் எண்ணிக்கையால் வகுத்தால் ஒரு சாப்பாட்டுக்கு எத்தனை மில்லி என்று வந்துவிடும். 15 லிட்டர் டின் பத்து, 7,500 சாப்பாடு என்றால் 20 மில்லி. ஒப்பந்தக்காரரிடம் "எண்ணெய் குறைச்சுப் போடுங்க அண்ணே" என்று சொல்வதைவிட இந்த எண்ணை டெண்டரில் எழுதுவது மேல்.

சாப்பாட்டில் சிக்கல், சோறு எவ்வளவு வேண்டுமானாலும், பொரியல் ஒரு கரண்டி என்பதுதான். காரணம் விலை. ஒரு சாப்பாட்டுக்கு இவ்வளவு என்று டெண்டர் விட்டால் ஒப்பந்தக்காரர் மலிவான அரிசியால்தான் வயிற்றை நிரப்புவார், அவரைக் குறைசொல்லிப் பயனில்லை. டெண்டரிலேயே ஒரு சாப்பாட்டுக்கு இத்தனை கிராம் காய் என்று போட்டு, அதனால் கூடும் செலவைக் கம்பெனி ஏற்க வேண்டும். வரிசையில் காயை முதலிலும் சோற்றைக் கடைசியிலும் வையுங்கள், தட்டில் இடம் தானாகவே குறையும்.

நாலு மணி பஜ்ஜியை ஒரேயடியாக நிறுத்தச் சொல்லாதீர்கள். வாரத்தில் இரண்டு நாள் சுண்டல் என்று ஆரம்பிக்கலாம். சுண்டலுக்குக் கடலையை முதல் நாள் ராத்திரியே ஊறப்போட ஆள் வேண்டும், பெரிய குக்கர் வேண்டும், இதெல்லாம் கவனிக்காமல் "சுண்டல் போடுங்கள்" என்று மெமோ அனுப்பினால் இரண்டாவது வாரமே பஜ்ஜி திரும்பிவிடும். பொரித்த எண்ணெயைத் திரும்பத் திரும்பச் சுட வைப்பதற்கும் வழி இருக்கிறது: 2018இல் வந்த ரூக்கோ திட்டத்தில் அங்கீகாரம் பெற்ற நிறுவனங்கள் பழைய எண்ணெயைக் காசு கொடுத்து வாங்கிப் பயோடீசலுக்குக் கொண்டுபோகின்றன.

பள்ளி வாசலில் ஒரு எச்சரிக்கை. 50 மீட்டர் விதியைக் கையில் எடுத்தவுடன் முதலில் விரட்டப்படுபவர் கொய்யாவும் நெல்லிக்காயும் மாங்காய்த் துண்டும் விற்கும் ஆயாவாகத்தான் இருப்பார். அவர்தான் அந்த வாசலிலேயே நல்ல சரக்கு வைத்திருப்பவர். அவருக்குக் கண்ணாடிப் பெட்டி வைத்த வண்டியும் நல்ல தண்ணீரும் உணவுப் பாதுகாப்புப் பதிவும் வாங்கிக் கொடுங்கள். பாக்கெட் சரம் தொங்கும் கடைக்கு விதியைக் காட்டுங்கள். உள்ளே, சி.பி.எஸ்.இ. 2025 மே மாதம் தன் பள்ளிகளில் வைக்கச் சொன்ன சர்க்கரைப் பலகையை எந்தப் பள்ளியும் வைக்கலாம், எந்தப் பானத்தில் எத்தனை ஸ்பூன் என்று பிள்ளைகளே எழுதட்டும். அரசுத் தொடக்கப் பள்ளிகளில் காலை உணவாக உப்புமா, கிச்சடி, பொங்கல் கிடைக்கிறது, அதன்மேல் நன்கொடை பிஸ்கட் பெட்டிகளை இறக்காதீர்கள்.

படி 6: நடக்க இடம்

பெரியவர்களுக்கு வாரம் 150 நிமிடம், பிள்ளைகளுக்குத் தினம் 60 நிமிடம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. தமிழ்நாடு அரசு 2023 நவம்பர் 4இல் 'நடப்போம் நலம் பெறுவோம்' என்று மாவட்டத்துக்கு ஒரு 8 கிலோமீட்டர் நடைப்பாதையைத் தொடங்கியது. நல்லதுதான், ஆனால் எட்டு கிலோமீட்டர் தள்ளி இருப்பவர் அங்கே போக வண்டியை எடுக்க வேண்டும். உங்கள் ஊருக்கு ஒரு கிலோமீட்டர் சுற்று போதும்: ஏரிக்கரை, பேருந்து நிலையத்திலிருந்து பள்ளிவரை, கோயில் வெளிவீதி.

பணத்தை டைல்ஸில் கொட்டாதீர்கள். விளக்கு, நிழல் தரும் புங்கமோ வேம்போ, பூட்டாத கழிப்பறை, உட்கார நான்கு பெஞ்ச், நாய்களுக்குக் கருத்தடை, இந்த வரிசையில் செலவழியுங்கள். திறந்தவெளி ஜிம் கருவிகள் போட்டோவுக்கு நன்றாக இருக்கும், ஆறு மாதத்தில் பெடல் காணாமல் போகும். அதைவிட மலிவான வேலை ஒன்று இருக்கிறது: பள்ளி மைதானத்தை மாலை ஐந்திலிருந்து ஏழரைவரை ஊருக்குத் திறந்துவிடுவது. தலைமையாசிரியர் தயங்குவார், காலையில் பாட்டில் துண்டு கிடந்தால் பதில் சொல்பவர் அவர்தானே. கம்பெனி ஒரு காவலாளியின் சம்பளத்தை ஏற்றுக்கொண்டு, சாவி அவரிடம் என்று எழுதிக் கொடுத்தால் தயக்கம் பெரும்பாலும் போய்விடும். ஒரு நாள் பெண்களுக்கு மட்டும் என்று ஒதுக்கினால் இன்னும் நல்லது.

படி 7: நாலாவது வருடம்

சமூகப் பொறுப்பு விதிகளில் தொடர் திட்டம் என்பது தொடங்கிய நிதியாண்டைத் தவிர்த்து அதிகபட்சம் மூன்று ஆண்டுகள். அதற்குப் பிறகு கம்பெனி மரம் நடப் போய்விடும். அதனால் முதல் கூட்டத்திலேயே நாலாவது வருடத்தைப் பேசுங்கள். விளக்கின் மின்கட்டணம் நகராட்சியின் எந்தக் கணக்குத் தலைப்பில் வரும், கழிப்பறையைக் கழுவுபவர் யாருடைய பட்டியலில் இருப்பார், காவலாளியின் சம்பளத்தைப் பெற்றோர் சங்கம் ஏற்குமா, கேன்டீன் டெண்டர் கைமாறினாலும் எண்ணெய் அளவு புது ஒப்பந்தத்தில் தொடருமா. இந்த நான்கு கேள்விக்கும் பதிலை வாங்கி, ஆணையர் கையெழுத்துடன் ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கமாகச் சேர்த்துவிட்டு, அதற்கப்புறம் திறப்பு விழாவுக்கு நாள் குறியுங்கள்.